இழுக்க வேண்டாம், விடுங்க: கோத்தகிரிப் பக்கம் ஒரு நுரையீரல் நோயாளியும் நாற்காலி யோகாவும்

இவருக்கு வயது 62. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் மருமகளோடும் பேரனோடும் இருக்கிறார். மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் இவருடையதும் ஒன்று. வந்தபோது சிறுமி. பதினாறு வயதில் தோட்டத்து வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் பேர் பதிந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். பீடி, சிகரெட், புகையிலை எதையும் தொட்டதில்லை. வந்த நோயோ, புகை பிடிப்பவர்களுக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைக்கிற சிஓபிடி. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர்கள் சொல்வது. அதிலும் முற்றிய நிலை.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நோய் வந்த வழி

மலையில் விறகடுப்பு சமையலுக்கு மட்டும் இல்லை, குளிருக்கும் அதுதான். ஜன்னலைத் திறந்தால் பனிக்காற்று முகத்தில் அடிக்கும். அதனால் திறப்பதே இல்லை. கற்பூர மரத்து விறகு, சில்வர் ஓக் கிளை, கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கிற தேயிலைக் குச்சி எல்லாம் அந்த ஒற்றை அறையில்தான் எரிந்தன. மழைக்காலத்தில் விறகு ஈரம். எரிவதைவிடப் புகைவதே அதிகம். வீட்டில் எரிவாயு இணைப்பு இருக்கிறது. அது டீக்கும் அவசரத்துக்கும். சோறும் வெந்நீரும் விறகில்தான். விறகுப் புகை பல ஆண்டுகள் உள்ளே போனால் சிஓபிடி வரும் என்பது மருத்துவத்தில் ஐயமில்லாமல் ஏற்கப்பட்ட விஷயம். ஆனால் "பெண், புகை பிடிக்காதவர்" என்றதும் ஆஸ்துமா என்று எழுதிவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. இவருக்கும் பல வருடம் அப்படித்தான் போயிற்று. கடைசியில் கோவையில் ஊதிப் பார்க்கும் சோதனை செய்தபோதுதான் தெரிந்தது. முதல் நொடியில் வெளியே தள்ளும் காற்று, இவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 34 சதவீதம். 50க்குக் கீழே கடுமை, 30க்குக் கீழே மிகக் கடுமை என்று பிரிப்பார்கள்.

இத்தோடு மலையின் உயரம் வேறு. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் அளவில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இது உறைக்காது. இவருக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்த ஆக்சிஜன் 89, 90 சதவீதம். 400 மீட்டர் உயரத்தில் இருக்கிற கோவைக்குப் போனால் 93. "அந்த டாக்டர் கை ராசி, அங்க போனாலே சரியாயிடுது" என்று குடும்பத்தில் பேச்சு. கை ராசியில் பாதி காற்றழுத்தம்.

நான் எப்படி உள்ளே வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும், தீராத நோயின் அவதியைக் குறைக்கிற நோய்த்தணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள். இவர் வீட்டுக்கு வந்த செவிலியர்தான் யோகா சொல்லித்தருகிற என்னைக் கூப்பிட்டார். மருந்து இருந்தது, நடைப் பயிற்சியும் எழுதித் தந்திருந்தார்கள். ஆனால் கட்டிலை விட்டு இறங்கவே பயந்தார். எழுந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பயம், பயந்தால் மூச்சு இன்னும் வேகம். குளிக்க, தலை வார, ரவிக்கை போட எல்லாவற்றுக்கும் மருமகள் வேண்டும். மருமகள் தேயிலை ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்.

யோகா என்றதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் டீச்சர்." சில வருடம் முன்பு டவுனில் நடந்த ஒரு இலவச முகாமுக்குப் போயிருக்கிறார். வந்திருந்த எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளச் சொல்லி, பிறகு அடக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவருக்குக் கண் இருட்டி, பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்துவிட்டார். யாருக்கு என்ன நோய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மூச்சை வேகமாக வெளியே தள்ளுகிற அந்தக் கபாலபாதி கெட்டது என்று சொல்ல வரவில்லை. காற்று தேங்கி நிற்கிற நுரையீரலுக்கு அது வேண்டாம், மூச்சை அடக்குவதும் வேண்டாம், அவ்வளவுதான்.

முதல் நாள் பார்த்தவை

கட்டிலின் ஓரத்தில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லித்தராமல் உடம்பே கண்டுபிடித்துக்கொண்ட இருக்கை அது. கை ஊன்றிக்கொண்டால் தோளிலும் மார்பிலும் இருக்கிற தசைகள் மூச்சுக்கு உதவும். முன்னால் சாய்ந்தால், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கும் வேலை கொஞ்சம் எளிதாகும். யோகா சொல்லித்தரப் போகிறவர் வாயிலிருந்து முதலில் வருவது "நிமிர்ந்து உட்காருங்க" என்பதுதான். இவரிடம் அதைச் சொன்னால் இருக்கிற ஒரே பிடிமானத்தையும் பிடுங்கியதாகும். அதனால் அந்த இருக்கையையே முதல் ஆசனமாக வைத்துக்கொண்டோம். ஒரு மேசையை முன்னால் இழுத்துப் போட்டு, இரண்டு தலையணையை அடுக்கி, முன்கைகளை அதன் மேல் வைத்தார். தோள் இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது.

மூச்சு நிமிடத்துக்கு 26. நாலு வார்த்தைக்கு ஒரு நிறுத்தம். கணுக்காலில் வீக்கம், நோய் இதயத்தின் வலப்பக்கத்தையும் தொட்டிருந்ததால் நீர் மாத்திரை சாப்பிடுகிறார். எடை 38 கிலோ. அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை எடுத்ததில் எலும்பு தேய்ந்திருந்தது. இவ்வளவும் சேர்ந்து பல ஆசனங்களை அன்றைக்கே அடித்துவிட்டன. மல்லாந்து படுக்கிற எதுவும் கிடையாது, மூச்சு திணறும். தலை கீழே தொங்குவது, காலைச் சுவரில் தூக்கி வைப்பது கிடையாது. காலிலிருந்து ரத்தம் ஒரேயடியாகத் திரும்பினால் இதயத்துக்குப் பாரம். முதுகை ஆழமாக வளைத்துக் குனிவதும் முறுக்குவதும் தேய்ந்த எலும்புக்கு ஆகாது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி முதலில் 81 காட்டியது. பேரன் முகம் வெளிறிவிட்டது. பாட்டியின் விரலைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. குளிரில் விரலின் ரத்தக்குழாய் சுருங்கினால் கருவி குறைத்துக் காட்டும். சூடான டம்ளரைச் சற்று நேரம் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு மறுபடி மாட்டினோம். 89. அன்றிலிருந்து கருவி மாட்டுவதற்கு முன் டம்ளர் என்பது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. ஒன்பதாவது படிக்கிற பேரன் ஒரு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எண்களைக் குறிக்க ஆரம்பித்தான்.

அன்றைக்கு நடந்த பெரிய விஷயம் யோகாவைச் சேர்ந்ததே இல்லை. செவிலியர், "அம்மா, மருந்தை எப்படி இழுக்கிறீங்க, காட்டுங்க" என்றார். இன்ஹேலர் குப்பியில் கேப்ஸ்யூலைப் போட்டார், திருகினார், வாயில் வைத்தார், ஊதினார். பொடி எல்லாம் புடவை முந்தானையில். ஒரு வருடத்துக்கு மேலாக இப்படித்தான். சீட்டு எழுதித் தந்த இடத்தில் யாரும் செய்து காட்டச் சொல்லவில்லை. செவிலியர் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யவைத்துத் திருத்தினார். இதற்குப் பிறகு வந்த முன்னேற்றத்தில் பெரிய பங்கு இந்த ஒரு திருத்தத்துக்கே போக வேண்டும்.

எல்லை வகுத்துத் தரும்படி நெஞ்சக நோய் மருத்துவரிடம் கேட்டோம். ஓய்வில் 88க்குக் கீழே இருந்தால் அன்றைக்குத் தொடங்கவே வேண்டாம், இடையில் 85க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்று எழுதித் தந்தார். இது இவருக்காகச் சொன்ன அளவு. வேறொருவருக்கு அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

டம்ளரும் ஜெபமாலையும்

"காத்து உள்ளயே போக மாட்டேங்குது டீச்சர். எவ்வளவு இழுத்தாலும் பத்தல." அவருடைய முதல் புகார் இது. இந்த நோய்க்காரர்கள் அநேகமாக எல்லோரும் சொல்வதும் இதுதான். ஆனால் கோளாறு இருப்பது விடுகிற இடத்தில். சிறிய காற்றுக்குழாய்கள் சுருங்கியும் தளர்ந்தும் இருப்பதால் மூச்சை விடும்போது அவை மூடிக்கொள்கின்றன. பழைய காற்று முழுசாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. இப்படித் தேங்கித் தேங்கி மார்புக்கூடு விரிந்தபடியே நிற்கிறது, உதரவிதானம் தட்டையாகிறது, புதுக் காற்றுக்கு இடமே இல்லை. இந்த நிலையில் "நல்லா ஆழமா இழுங்க" என்றால் நிலைமை மோசமாகும். வேகமாக மூச்சு விட்டால் அடுத்த மூச்சு இன்னும் சீக்கிரம் வரும், தேக்கம் இன்னும் கூடும்.

"உள்ள இடம் இல்லம்மா. பழசு வெளிய போனாத்தான் புதுசு வரும். இழுக்கிறத மறந்துடுங்க, அது தானா வரும். விடுறத மட்டும் பாருங்க." இதைப் புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. செய்யத்தான் நேரம் பிடித்தது.

உதட்டைக் குவித்து விடச் சொன்னதும் ஊதாங்குழலில் ஊதுவது போலக் கன்னம் உப்ப ஊதினார். இருமல் வந்துவிட்டது. பலமாக ஊதினால் அந்தத் தளர்ந்த குழாய்கள் இன்னும் வேகமாக மூடும். அப்புறம் கையில் இருந்த டம்ளரையே எடுத்துக்கொண்டோம். விரலைச் சூடேற்ற வைத்திருந்த தேத்தண்ணிதான். மேலே எழும் ஆவி சாய வேண்டும், தேத்தண்ணியில் அலை எழக் கூடாது. அந்த அளவுக்கு மெதுவாக. ஆவி கண்ணுக்குத் தெரிவதால் சரியா தப்பா என்று அவரே பார்த்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மலைக்குளிருக்கு அந்த ஒரு நன்மை, ஆவி நன்றாகத் தெரியும்.

எண்ணிக்கை அவருக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு எண்ணி இழு, நாலு எண்ணி விடு" என்றால் நாலை எட்டாத பதற்றம் வந்துவிடுகிறது. பிராமரி போல 'ம்' என்று முனகச் சொன்னால் விடும் மூச்சு தானாக நீளும். ஆனால் வழக்கமாக முழங்கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டு செய்வார்கள். கையைத் தூக்குவது இவருக்கு ஆகாது. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். சுவரில் ஜெபமாலை தொங்கியது. ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு ஜெபத்தின் ஒரு துண்டு, சத்தமில்லாமல், உதடு மட்டும் அசையும்படி. அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். அதில் இருந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள். இவருக்கு ஆறு என்பது தேவையும் இல்லை, எட்டவும் எட்டாது. 26 இருபதுக்கு வந்தால் போதும். வந்தது.

ஊதுபத்தி, சாம்பிராணி, மேலுக்குத் தடவுகிற நீலகிரித் தைலம் மூன்றையும் பயிற்சி நேரத்தில் ஒதுக்கிவிட்டோம். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு நீலகிரித் தைலம் வேண்டாம் என்பது அபத்தமாகப் பட்டது அவருக்கு. நெடி தாங்காமல் ஒருமுறை இருமியதும் ஒத்துக்கொண்டார்.

கை, கால், படி

பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்டுத் தரையில் வழுக்கும் என்பதால் சுவரோடு சேர்த்துப் போட்டோம். தரை ஐஸ் மாதிரி இருக்கும். காலுக்கு உல்லன் சாக்ஸ், அடியில் மடித்த சாக்கு. யோகா மேட் அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. நேரம் காலை பத்து மணி வாக்கில், வெயில் வாசலுக்கு வந்த பிறகு, மருந்து இழுத்து, சளியை வெளியேற்றிய பின். சாப்பிட்ட உடனே கூடாது.

கையைத் தூக்குவதில்தான் வழக்கமான பாடத்தைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது. கையை உயர்த்தும்போது மூச்சை இழு, இறக்கும்போது விடு என்பது பாலபாடம். இந்த நோயில் தோள் தசைகள் ஏற்கெனவே மூச்சுக்கு வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றை வேறு வேலைக்கு அனுப்பினால் மூச்சு திணறும். தலை வாருவதும் துணி காயப் போடுவதும் இவரைத் தள்ளாடவைப்பது இதனால்தான். எனவே ஒரு நேரத்தில் ஒரு கை. முழங்கை மடங்கியே இருக்கும். மேசை மேல் வழுக்கியபடி முன்னால் போகும்போது மூச்சு வெளியே. முயற்சி எங்கே இருக்கிறதோ அங்கே மூச்சை விடு என்பதுதான் இவருக்கு நான் வைத்த ஒரே விதி. சில வாரங்களில் மேசையை விட்டுக் கை மேலே வந்தது. தலையை முழுசாக அவரே வாரிக்கொண்ட நாளை மருமகள் ஃபோன் பண்ணிச் சொன்னார்.

கால்தான் முக்கியம். தொடைத் தசை கரைந்துபோனால் சிறு வேலைக்கும் உடம்பு அதிகக் காற்றைக் கேட்கும். உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. எழும்போது மூச்சு வெளியே. ஆரம்பத்தில் ஒரு நிமிடத்தில் ஐந்து முறை எழ முடிந்தது.

எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்வது வழக்கம். "எப்படி டீச்சர் எண்ணுல சொல்றது?" என்றவர், தானே ஒரு அளவு வைத்துக்கொண்டார். காலி சாக்கு, கால் சாக்கு, அரைச் சாக்கு, முழுச் சாக்கு. கொழுந்து சுமந்த சாக்குதான். அரைச் சாக்கு வந்தால் வேகம் குறைப்பது, முக்கால் வந்தால் நிறுத்துவது. நோட்டில் ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்தில் பேரன் "அரை சா." என்று எழுதியிருப்பான். இரண்டு எண்ணும் பல நாள் ஒத்துப்போகாது. ஆக்சிஜன் 90 இருக்கும், இவருக்கு முழுச் சாக்கு. அப்படிப்பட்ட நாளில் இவர் சொல்வதைத்தான் எடுத்துக்கொண்டேன். மூச்சுத்திணறல் என்பது நோயாளி உணர்வது. கருவிக்கு அதில் பாதிதான் தெரியும்.

வீட்டிலிருந்து ரோட்டுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட படிகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. படி ஏறும் பயிற்சியை வாசலில் இருக்கிற ஒரே படியில் ஆரம்பித்தோம். நிற்கும்போது மூச்சு உள்ளே, காலைத் தூக்கி வைக்கும்போது வெளியே. ஆறு படிக்கு ஒரு நிறுத்தம், மூச்சு வாங்குவதற்கு முன்பே நிற்க வேண்டும், வாங்கிய பிறகு அல்ல. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் படியைவிடப் பெரிய தடையாக இருந்தது. நடுவில் ஒரு மேட்டில் முக்காலி போட்டு, அங்கே உட்கார்ந்து காபிப் பழம் காய்த்திருக்கிறதா என்று பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டார்.

இரவில் வரும் திணறலுக்கு விசிறி. முகத்தில், குறிப்பாகக் கன்னத்திலும் மூக்கிலும், காற்று பட்டால் மூச்சுத்திணறல் உணர்வு தணியும் என்பது நோய்த்தணிப்பில் நன்றாகத் தெரிந்த விஷயம். மலை வீட்டில் விசிறிக்கு எங்கே போவது? பழைய மாத காலண்டர் அட்டையைப் பேரன் வெட்டிக் கொடுத்தான். தலைமாட்டிலேயே இருக்கிறது. முன்னால் சாய், அட்டையை வீசு, ஆவியை நினைத்து விடு. இந்த மூன்றையும் வரிசை மாறாமல் மருமகளும் பேரனும் பாடம் செய்தார்கள். திணறும் நேரத்தில் அவருக்கு யோசிக்க முடியாது, வீட்டில் இருப்பவர்தான் நினைவூட்ட வேண்டும்.

சவாசனம் என்று எதுவும் செய்யவில்லை. சாய்வாகத் தலையணை அடுக்கி, முழங்காலுக்கு அடியில் கம்பளி சுருட்டி வைத்து, கண் திறந்தபடியே ஓய்வு. கண்ணை மூடச் சொன்னால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்தார். மூட வேண்டிய கட்டாயம் என்ன? ஜன்னல் வழியாகத் தெரிகிற சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் விழுந்தது

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. பேரனுக்குச் சளி. நாலு நாளில் பாட்டிக்கும். சளி மஞ்சளாகி, பச்சையானது. காலையில் தலைவலியோடு எழுந்தவர் பேச்சுக் கொடுத்தால் தூங்கித் தூங்கி விழுந்தார். கரியமில வாயு உடம்பில் தேங்குவதன் அறிகுறி அது. இந்த நேரத்தில் மூச்சுப் பயிற்சி செய்யவைக்கலாமா என்று மருமகள் ஃபோனில் கேட்டபோது நான் சொன்னது ஒன்றுதான்: 108ஐக் கூப்பிடுங்க. அரசு மருத்துவமனையில் முகமூடி மாட்டி அழுத்தத்தோடு காற்று செலுத்தும் பைபாப் கருவியில் வைத்தார்கள், பிழைத்தார்.

திரும்பி வரும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற கான்சென்ட்ரேட்டர் கருவி கூடவே வந்தது. ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தார்கள், நிமிடத்துக்கு ஒரு லிட்டர். "கூட்டி வெச்சா நல்லதுதானே டீச்சர்?" என்று பேரன் கேட்டான். இல்லை. இவரைப் போலக் கரியமில வாயு தேங்குகிறவர்களுக்கு ஆக்சிஜனை அளவுக்கு மேல் ஏற்றினால் அந்தத் தேக்கம் கூடி மயக்கம்வரை போகும். 88க்கும் 92க்கும் நடுவில் இருந்தால் போதும். 98ஐப் பார்க்க ஆசைப்படக் கூடாது. அந்தக் குமிழைத் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினான்.

ஆக்சிஜன் வந்ததும் அடுப்பு வெறும் புகைப் பிரச்சினையாக இல்லை, தீ விபத்துப் பிரச்சினையாகிவிட்டது. நெருப்புக்கும் கருவிக்கும் இடையில் குறைந்தது 3 மீட்டராவது வேண்டும். அந்த அறையே அவ்வளவுதான் இருக்கும். திருப்பூரிலிருந்து வந்த மகன் தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு அடுப்பை வெளியே கொண்டுபோனார். பல வருடம் மருத்துவர்கள் சொல்லி நடக்காதது அந்தக் கருவி வந்ததால் இரண்டு நாளில் நடந்தது. சுவரின் கரியைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். இன்னொரு தலைவலி மின்சாரம். மழையில் மரம் விழுந்தால் மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. ஒரு சிலிண்டர் கைவசம் வேண்டும் என்று செவிலியர் அலைந்து ஏற்பாடு செய்தார்.

பயிற்சியை மறுபடி அடியிலிருந்து தொடங்கினோம். கட்டிலில் சாய்ந்தபடியே விரல்களை மூடித் திறப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, ஜெபமாலை. ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. ஆக்சிஜன் குழாய் மூக்கிலேயே இருந்தது. எழுந்து நிற்கும் கட்டம் வந்தபோது குழாய் காலில் தட்டாமல் இருக்க அதைச் சுவரோரமாக ஆணியில் மாட்டினோம்.

அந்த வாரங்களில்தான் செயற்கை சுவாசம் பற்றிய பேச்சும் நடந்தது. தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைப்பது வேண்டாம் என்றார். மருத்துவர் மகனையும் வைத்துக்கொண்டு பேசி எழுதிக்கொண்டார். மகன் திருப்பூருக்கே வந்துவிடச் சொன்னார். கீழே போனால் ஆக்சிஜன் கொஞ்சம் ஏறும்தான். மருத்துவரும் மறுக்கவில்லை. "அங்க யாரத் தெரியும் எனக்கு?" என்று முடித்துவிட்டார். இந்த முடிவில் யோகாவுக்கு எந்த வேலையும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

என்ன மாறியது, எதனால்

அடுத்த ஈஸ்டருக்குப் பார்த்தபோது ஒரு நிமிடத்தில் பதினொரு முறை நாற்காலியிலிருந்து எழ முடிந்தது. துணி மாற்றவே மூச்சு வாங்கியவர் வீட்டுக்குள் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறார். ராத்திரியில் நெபுலைசர் தேடுவது குறைந்தது. புனித வெள்ளியன்று கையில் சிறிய சிலிண்டரோடு படி ஏறி, ஆட்டோவில் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஊதும் சோதனையில் 34 இருந்தது 33 ஆகியிருந்தது. ஓய்வில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் 88. நுரையீரல் ஒரு இழைகூடத் திரும்பவில்லை, திரும்பவும் செய்யாது.

இந்த முன்னேற்றத்தை யோகாவின் கணக்கில் எழுத முடியாது. மருந்து முதல்முறையாக நுரையீரலுக்குள் போனது, அடுப்பு வெளியே போனது, ஆக்சிஜன் உள்ளே வந்தது, இயன்முறை சிகிச்சையாளர் சளியை வெளியேற்றக் கற்றுக்கொடுத்தார். எல்லாம் ஒரே வருடத்தில். சிஓபிடிக்கு யோகா பற்றி வந்திருக்கிற ஆய்வுகள் நடக்கிற தூரமும் வாழ்க்கைத் தரமும் ஓரளவு கூடுவதைக் காட்டுகின்றன. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். நுரையீரலைப் புதுசாக்கும் பிராணாயாமம் என்று வீடியோ போடுகிறவர்களை இந்த வீட்டுக்கு ஒரு மழைக்காலத்தில் கூட்டி வர ஆசை.

யோகா செய்ததாக நான் நினைப்பது ஒன்றே ஒன்று. மூச்சு வாங்கும்போது தன்னால் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஐசியுவில் முகமூடி மாட்டியபோது பக்கத்துக் கட்டில்காரர் பிடுங்கி எறிந்தாராம். இவர், "தேத்தண்ணிய நெனச்சுக்கிட்டேன் டீச்சர்" என்றார். பயம் குறைந்ததால் அசைந்தார், அசைந்ததால் கால் தேறியது, கால் தேறியதால் அதே நுரையீரலை வைத்துக்கொண்டு கூடக் கொஞ்சம் நடந்தார்.

ஆளுக்குத் தக்கபடி யோகாவை வெட்டித் தைப்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சென்னையில் வாழ்ந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யா (1888-1989) அதைத்தான் சொல்லிவந்தார். 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சையை மறுத்து, படுக்கையிலேயே செய்யும்படி தனக்கொரு பயிற்சியை அமைத்துக்கொண்டார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்ற நிலையமும் இந்த வழியில் வந்ததுதான். அப்படியிருந்தும் யோகா தினமான ஜூன் 21 வந்தால் மைதானத்தில் நூறு பேரை ஒரே மாதிரி வளையவைத்துப் படம் எடுப்பதில்தான் நமக்கு ஆர்வம். இவரைப் போன்றவருக்கு வீட்டுக்குப் போய், மருத்துவரோடும் செவிலியரோடும் பேசி, ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் பயிற்சி கொடுத்து, மீதி நேரம் கவனித்துக்கொண்டிருக்கிற ஆசிரியர் வேண்டும். அதற்குக் கூலி தருகிற ஏற்பாடு எதுவும் இப்போதைக்கு இல்லை.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். மற்ற நாட்களில் பேரன் பார்த்துக்கொள்கிறான். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தால் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. மருமகளுக்கு 38 வயது. காலையில் இருமல் இருக்கிறது, ஃபாக்டரித் தூசு என்கிறார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதே அடுப்பில் சமைத்தவர். ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அவரையும் அழைத்து வரச் சொல்லிச் செவிலியர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. அடுத்த திங்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.